கட்டளைக் கையேட்டில் அளவும் எச்சரிக்கையும்

ஒரு கணிப்பொறிக்குள்ளேயே பல கணிப்பொறிகளை இயக்கும் முறை இன்று அரசாங்க அலுவலகங்களிலும் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் சாதாரணமாகி விட்டது. இவ்வாறு மென்பொருளால் அமையும் கணிப்பொறிக்கு மெய்நிகர் கணிப்பொறி என்று பெயர். அதற்கும் வட்டு தேவை. அந்த வட்டு, அதனைத் தாங்கி நிற்கும் உண்மைக் கணிப்பொறியில் பெரும்பாலும் ஒரு கோப்பாகவே இருக்கிறது. அதனைத் தொகுதி என்றும், தொகுதிகள் பல வைக்கப்படும் இடத்தைக் களஞ்சியம் என்றும் கூறலாம். லினக்ஸ் கணிப்பொறிகளில் இவற்றை நிர்வகிப்பதற்கு, 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த லிப்வர்ட் என்னும் மென்பொருள் பெரிதும் பயன்படுகிறது. விசைப்பலகையில் கட்டளை தட்டி அதனை இயக்கும் கருவியின் பெயர் விர்ஷ்.

திரையிலுள்ள படங்களைச் சுட்டி வேலை செய்யும் வசதி இருக்க, கட்டளை எதற்கு என்ற கேள்வி எழலாம். மாவட்டத் தலைநகரில் அமர்ந்து வெளியூர்க் கணிப்பொறியைக் கவனிக்கும் ஊழியருக்கு, இணைப்பு மெலிந்திருந்தாலும் கட்டளை சென்று சேரும். ஆசிரியர் கரும்பலகையில் எழுதும் ஒரு வரியை நாற்பது மாணவர்களும் அவ்வாறே செய்து பார்க்கலாம். ஆனால் விர்ஷ் மறுகேள்வி கேட்பதில்லை. தொகுதியை நீக்கு என்றால் நீக்கிவிடும். ஆகவே கட்டளை தட்டுவோருக்கும் நஷ்டத்துக்கும் இடையே நிற்பது பெரும்பாலும் கையேடு ஒன்றே. அக்கையேட்டில் செய்திகள் குறைவு என்று சொல்வதற்கில்லை. அவை அமைந்திருக்கும் வரிசையில்தான் குறை உள்ளது. செய்தபின் மீட்க முடியாத செயல் எது, தட்டப்படும் எண் எந்த அளவில் கொள்ளப்படும் என்னும் இரண்டும் ஒவ்வொரு கட்டளையின் விளக்கத்திலும் தலைவரியிலேயே நிற்க வேண்டும்.

அளவு பற்றிய குழப்பம் கற்பனையன்று. தொகுதியின் பருமனை மாற்றுவதற்கு இரண்டு கட்டளைகள் உள்ளன. உபயோகத்தில் இல்லாத தொகுதிக்கு வால்-ரீசைஸ். இயங்கிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணிப்பொறியின் வட்டுக்கு பிளாக்ரீசைஸ். வேலை ஒன்றே. எனினும், எண்ணை மட்டும் கொடுத்து அளவைக் குறிக்காமல் விட்டால், முதற் கட்டளை அதனைப் பைட் எனக் கொள்ளும். இரண்டாவது கட்டளை 1,024 பைட் கொண்ட கிபிபைட் எனக் கொள்ளும். பத்து என்ற எண்ணை மட்டும் கொடுத்தால் முதற் கட்டளைக்கு அது வெறும் 10 பைட். இரண்டாவதற்கு 10,240 பைட். பழைய வழக்கம் காரணமாக இவ்வேறுபாடு நேர்ந்ததெனக் கையேடே ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டது நேர்மைதான், ஆனால் அவ்வொப்புதல் பத்தியின் நடுவே, அடைப்புக் குறிக்குள் அடங்கிக் கிடக்கிறது.

விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பத்து கிகாபைட் அளவுள்ள வட்டு வேண்டுபவர் 10737418240 என்ற எண்ணை வால்-ரீசைஸ் கட்டளைக்குக் கொடுத்தால் வேண்டியது கிடைக்கும். அதே எண்ணைப் பிளாக்ரீசைஸ் கட்டளைக்குக் கொடுத்தால், கேட்கப்படுவது 1,024 மடங்கு, அதாவது சுமார் பத்து டெராபைட். எழுதப்படாத இடத்தைக் கோப்பில் ஒதுக்காமலே விட்டுவைக்கும் முறை வழக்கிலிருப்பதால், பிழை உடனே வெளிப்படாமலும் போகலாம்; இல்லாத இடத்தை இருப்பதாக எண்ணி அந்தக் கணிப்பொறி நாட்கணக்கில் ஓடும். மாறாக, கிபிபைட் கணக்கில் 10485760 என்ற எண்ணை ஒருவர் வால்-ரீசைஸ் கட்டளைக்குக் கொடுத்தால், பத்து மெகாபைட்டாகச் சுருக்கும்படி கேட்டவராவார். சுருக்குவதற்குத் தனி அனுமதிச் சொல் சேர்க்காவிட்டால் அக்கட்டளை மறுத்துவிடும். இது நல்ல காவல். ஆனால் மறுப்பின் காரணம் விளங்காத ஊழியர், அவசரத்தில் அந்த அனுமதிச் சொல்லையும் சேர்த்துத் தட்டிவிட்டால், வட்டின் பெரும்பகுதி வெட்டுண்டு போகும்.

1957-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி இந்தியாவில் தசம நாணயம் வந்தது. அதுவரை ரூபாய்க்கு 64 பைசா. அன்று முதல் 100 நயா பைசா. புதிய நாணயத்தின் மேல், அது ரூபாயில் நூறில் ஒரு பாகம் என்ற பொருளில் ஹிந்தியில் பொறிக்கப்பட்டிருந்தது. பைசா என்ற சொல் இரண்டு அளவுகளைக் குறித்த அந்த மாறுதல் காலத்தில், விளக்கம் சுற்றறிக்கையில் மட்டும் நில்லாமல், கையில் புழங்கும் காசிலேயே இருந்தது. கையேடு எழுதுவோர் இதனைக் கவனிக்க வேண்டும். எண் வரும் இடத்திலேயே அளவும் வரவேண்டும். கையேட்டின் உதாரணம் ஒன்றேனும் வெறும் எண்ணாக இருத்தல் ஆகாது. ஜி என்ற குறி 1,073,741,824 பைட்டையும் ஜிபி என்ற குறி 1,000,000,000 பைட்டையும் குறிப்பதால், உதாரணத்தின் அருகே பைட் கணக்கையும் எழுதிவிடுவது நலம்.

பெயர்களின் தொல்லை வேறு. களஞ்சியத்துக்குரிய கட்டளைகளில் பூல்-டெஸ்ட்ராய் என்று ஒன்றுண்டு. ஆங்கிலச் சொல்லைப் பார்த்தால் சர்வநாசம் போலத் தோன்றும். உண்மையில் அது களஞ்சியத்தின் நிர்வாகத்தை நிறுத்துகிறதேயன்றி, உள்ளிருக்கும் தகவலைத் தொடுவதில்லை. மீண்டும் தொடக்கினால் எல்லாம் இருந்தபடி இருக்கும். பூல்-டிலீட் என்பதோ மீட்க இயலாத செயல். கடுமையான பெயர் சாதுவுக்கும், சாதுவான பெயர் கடுமையானதற்கும் அமைந்துவிட்டன. நெடுநாள் வழங்கிய பெயரை மாற்றினால், அதனை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் நின்றுவிடும். ஆகவே பெயரை விட்டுவிட்டு விளக்கத்தையே திருத்த வேண்டும். லிப்வர்ட்டின் செய்திகள் தமிழ் உட்பட இந்திய மொழிகள் சிலவற்றில் பெயர்க்கப்பட்டும் உள்ளன. அவ்வேலையைத் தொடர்வோர் டெஸ்ட்ராய் என்பதற்கு அகராதிப்படி 'அழி' என்று எழுதினால், ஆங்கிலத்தின் குழப்பம் தமிழிலும் குடியேறும். 'நிறுத்து' என்பதே பொருந்தும். 1961-இல் அமைந்த அறிவியல், தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் போன்ற அமைப்புகள் தரும் சொற்கள் பெரிதும் உதவும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவ்விடத்தில் மொழிபெயர்க்க வேண்டியது சொல்லையன்று, செயலின் விளைவை.

தொகுதியைத் துடைக்கும் வால்-வைப் கட்டளையிலும் இதே நிலை. முப்பத்தைந்து முறை எழுதித் துடைக்கும் குட்மன் முறை உள்ளிட்டுப் பல முறைகளின் பெயர்களைக் கையேடு தருகிறது. ஆனால் சிலவகைக் கோப்பமைப்புகளில், மேலெழுதுவது பழைய எழுத்து இருந்த இடத்தையே சென்றடையும் என்பது நிச்சயமில்லை. எத்தனை முறை எழுதினும் பழையது எஞ்சலாம். இவ்வெச்சரிக்கை நிரல் எழுதுவோருக்கான ஆவணத்தில் தெளிவாக உள்ளது. மாணவர் மதிப்பெண்களோ நோயாளிகளின் குறிப்புகளோ இருந்த வட்டைத் துடைத்துக் கைமாற்றும் ஊழியர் அந்த ஆவணத்தைத் திறப்பதில்லை.

கையேடு என்பது பாடப்புத்தகமன்று, அறிந்தவர் புரட்டிப் பார்க்கும் குறிப்பே என்று நிபுணர்கள் வாதிப்பர். சுருக்கம் வேண்டும் என்பதில் அவர்கள் பக்கமே நியாயம். ஆனால் 1971-இல் வெளியான முதல் யூனிக்ஸ் கையேடு மிகச் சுருக்கமானது. அதிலும், கருவியின் குறைகளைச் சொல்வதற்கென்றே தனித் தலைப்பு இருந்தது. இங்கே கேட்கப்படுவதும் கூடுதல் பக்கங்களல்ல. 'இத்தொகுதி உபயோகத்தில் இருக்கக் கூடாது. எண் பைட்டில் கொள்ளப்படும். சுருக்கினால் வெட்டுண்ட தகவல் மீளாது' என்னும் வரியை மேலே ஏற்றினால் வால்-ரீசைஸ் பகுதி திருந்திவிடும்.

இத்திருத்தங்களைச் செய்ய ஆசிரியர்களும் கள ஊழியர்களும் தகுதி வாய்ந்தவர்கள். பக்கத்தின் எந்த வரியில் படிப்பவர் தடுமாறுகிறார் என்பதை நேரில் காண்பவர்கள் அவர்களே. லிப்வர்ட்டுக்குள் பயிற்சிக்கேற்ற சோதனை இணைப்பு ஒன்றும் இருக்கிறது. அதிலுள்ள கணிப்பொறியும் களஞ்சியமும் போலியானவை. நினைவகத்தில் மட்டும் நிற்பவை. அதில் மாணவர் தொகுதியை உண்டாக்கலாம், நீக்கலாம். உண்மை வட்டில் ஒன்றும் நேராது. கையேட்டைத் தவிர வேறு துணையின்றி அவர்களைச் செய்யவிட்டு, எங்கே நின்றார்கள் என்று குறித்துக்கொண்டால், திருத்த வேண்டிய வரிகள் தாமே தெரியும். மென்பொருளின் மூலநிரலோடு கையேட்டின் மூலமும் வெளிப்படையாக இருப்பதால், திருத்தத்தை எவரும் அனுப்பலாம். அனுப்புபவர் தம் பெயரால் உறுதியளிக்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் விதி. அலுவலகத் தலைவர்கள் இதனை அலுவல் வேலையாகவே ஏற்று, இதற்கு வேண்டிய நேரத்தையும் அனுமதியையும் எழுத்து மூலம் வழங்க வேண்டும்.