பதிவேட்டில் உண்டு, ஆய்வில் இல்லை: அரிசி எங்கே போயிற்று?



நாட்டில் வழங்கப்படும் ரேஷன் தானியத்தில் 28 சதவீதம் மக்களிடம் போய்ச் சேரவில்லை என்று டில்லியிலுள்ள இக்ரியர் ஆய்வு நிறுவனம் 2024 நவம்பரில் கணக்குச் சொன்னது. சுமார் 2 கோடி டன்! ரேஷன் கடையை மூடு, காசைக் கொடு என்று நெடுநாளாய்ச் சொல்லி வருபவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்தக் கணக்கு எப்படி வந்தது? ஒரு பக்கம், அரசுக் கிடங்கிலிருந்து வெளியேறிய தானியம். மறு பக்கம், 2022 ஆகஸ்ட் முதல் 2023 ஜூலை வரை மத்திய அரசு நடத்திய குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில் 2,61,746 குடும்பங்கள் சொன்ன பதில். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தார்கள். மிச்சம் முழுவதற்கும் 'கசிவு' என்று பெயர் வைத்தார்கள்.

ரயில்வேயில் கணக்கெழுதும் எவரும் இப்படிக் கழிக்கத் துணியமாட்டார். விற்ற டிக்கெட்டும் பெட்டியில் இருக்கும் தலைகளும் ஒருநாளும் ஒத்துப்போகா. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு டிக்கெட் இல்லை. சீசன் டிக்கெட்காரர் ஒரே டிக்கெட்டில் மாதம் முழுவதும் வருவார். இதையெல்லாம் ஒதுக்கிய பிறகுதான் டிக்கெட் இல்லாதவன் யார் என்று தேட முடியும்.

திருட்டுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. இதே முறையில் பார்த்தபோது 2004-05இல் பாதிக்கு மேலும், 2011-12இல் சுமார் 42 சதவீதமும் காணாமற்போயிருந்தது. கள்ளச்சந்தை உண்மை. ஆனால் எது கள்ளச்சந்தை, எது கணக்கின் கோளாறு என்று பிரித்துச் சொல்ல இந்தக் கழித்தலால் முடியாது.

நம் எல்லைப்புறத்தையே பாருங்கள். ஒரே அடுப்பில் உண்டு சேர்ந்து வாழ்பவர்களே ஆய்வுக்குக் குடும்பம். ரேஷன் கடைக்கோ அட்டையில் உள்ள பெயர்களே குடும்பம். தாத்தா, பாட்டி, பிள்ளைகள் போடியில்; தாய் தகப்பன் தேவிகுளம் லயத்தில். அவர்களின் தமிழ்நாட்டு அட்டைக்கு மாதம் 20 கிலோ அரிசி கிடைக்கிறது என்போம். அதில் பாதி மலையேறி லயத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைப் பதிவேட்டில் 20 கிலோ. போடி வீட்டில் உண்டதைக் கேட்டால் 10 கிலோ. லயத்தில் கேட்டால், "எங்களுக்கு இங்கே அட்டையே இல்லை" என்பார்கள். மீதி 10 கிலோவைத் திருடியது யார்? உழைத்தவன் வயிறா?

நிலையான இருப்பிடம் இல்லாதவரை இந்த ஆய்வு சேர்ப்பதே இல்லை. முதலமடை மாந்தோப்பில் பருவத்துக்கு வந்து தங்குபவர் எந்த வீட்டுக் கணக்கில் வருவார்? கம்பத்திலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டம் போகும் பெண், பகலில் கதவைத் தட்டுகிறவருக்கு எப்படிப் பதில் சொல்வாள்? தமிழ் மட்டும் தெரிந்த மூதாட்டியிடம் மலையாளத்தில் கேட்டால் என்ன விடை வரும்? எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பயம்: உள்ளதைச் சொன்னால் அட்டை போய்விடுமோ!

இது ஏழை நாட்டின் குறை மட்டுமல்ல. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் 2008 முதல் 2011 வரையிலான ஆய்வு விடைகளை அரசுப் பதிவேடுகளோடு ஆள்வாரியாக ஒப்பிட்டார்கள். உணவு உதவி பெற்றவர்களில் 40 சதவீதம் பேரும், ரொக்க உதவி பெற்றவர்களில் 60 சதவீதம் பேரும் பெற்றதாக ஆய்வில் பதிவாகவில்லை. அதனால் ஏழ்மை உள்ளதைவிட அதிகமாகத் தெரிந்தது. பெயருக்குப் பெயர் ஒப்பிட்டதால் அங்கே பிழை பிடிபட்டது. இங்கே மொத்தத்திலிருந்து மொத்தத்தைக் கழித்துவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

நாம் கேட்பது மூன்று. லயங்களிலும் எல்லைக் கிராமங்களிலும் மாலையில், தமிழில் கேளுங்கள். எந்த மாநில அட்டை, எத்தனை கிலோ, எந்த ஊரில் உண்டது என்று தனித்தனியே எழுதுங்கள். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்லும் சமூகத் தணிக்கையைக் கடைக்குக் கடை, மக்கள் முன்னிலையில் நடத்துங்கள்; திருடன் அங்கே அகப்படுவான்.

தாய்மார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆய்வாளர் வந்தால் கூட்டியும் சொல்லாதீர்கள், குறைத்தும் சொல்லாதீர்கள். 2008ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சட்டப்படி அவர் உங்கள் விடையைப் பெயரோடு வெளியிடக் கூடாது. 20 கிலோ வந்தால் 20 என்று சொல்லுங்கள். 15தான் தந்தான் என்றால் 15 என்று உரக்கச் சொல்லுங்கள். நாம் வாய் மூடியிருந்தால், நம் பெயரால் வேறொருவன் கணக்குச் சொல்வான். அந்தக் கணக்கைக் காட்டியே நம் கடையை மூடுவான்!