உதிர்ந்த காய்களும் ஒரு குன்றிமணியும்

போன இதழில் பழைய புடவையில் திரைச்சீலை தைப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி, "திரைச்சீலை சரி, சுவர் மொட்டையாக இருக்கிறதே, காசு செலவில்லாமல் அதற்கு ஏதாவது சொல்லுங்களேன்" என்று கேட்டிருக்கிறார். சொல்கிறேன். ஆனால் இந்த விஷயத்தில் நான் ஒரு பெரிய தப்பும் பண்ணியிருக்கிறேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டால்தான் எனக்கு நிம்மதி.

எங்கள் வீட்டுக்காரருக்குக் குன்னூரில் வேலையாக நாலு வருஷம் அங்கே குடியிருந்தோம். மழை விட்ட மறுநாள் காலையில் நடக்கப் போனால் பாதையெல்லாம் ஏதாவது உதிர்ந்து கிடக்கும். மரப்பூ மாதிரி விரிந்த பைன் காய், பம்பரம் மாதிரி இருக்கும் கற்பூர மரத்துக் காய் (சமவெளியில் நாம் தைலமரம் என்கிறோமே, அதுதான்), சீகை மரத்து நெற்று, பாசி படர்ந்த குச்சி. முந்தானையில் அள்ளிக்கொண்டு வருவேன். "ஊரெல்லாம் குப்பையை வெளியே கொட்டறா, எங்க வீட்டு மருமக உள்ளே கொண்டாந்து கொட்டறா" என்பார் என் மாமியார். பிறகு அவரே, "ஏம்மா, அந்தப் பெரிய காய் ரெண்டை என் பூஜை மாடத்துக்கிட்ட வையேன்" என்றும் சொன்னார். அது தனிக் கதை!

பைன் காயில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் வேடிக்கையானது. மண் போகட்டும் என்று ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அழகாக விரிந்திருந்த காய்கள் எல்லாம் மொட்டு மாதிரி மூடிக் கிடக்கின்றன. கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப்போடப் போனேன். நல்லவேளை, வெயிலில் வைத்ததும் இரண்டு நாளில் ஒவ்வொன்றாகத் திரும்பவும் விரிந்துவிட்டன. அந்தச் செதில் ஒவ்வொன்றிலும் இரண்டு அடுக்கு இருக்கிறது. ஈரம் பட்டால் வெளி அடுக்கு கூடுதலாக உப்பும். அதனால் செதில் உள்பக்கமாக வளைந்து மூடிக்கொள்ளும். காய்ந்தால் சுருங்கித் திறக்கும். இறக்கை வைத்த விதை, காற்றில் பறக்க வசதியான காய்ந்த நாளில்தான் வெளியே வரவேண்டும் என்பதற்காக மரம் பண்ணிவைத்த ஏற்பாடு. மரத்திலிருந்து விழுந்து எத்தனையோ காலமான காயும் இதைச் செய்யும். பால்கனியில் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். மழைக்கு முன் காற்றில் ஈரம் ஏறும்போது அது சுருங்குவதைப் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

மலைக்குப் போக முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். நம் சமவெளித் தெருக்களில் இல்லாததா? சவுக்குக் காய், சுண்டைக்காய் அளவுப் பைன் காய் மாதிரியே இருக்கும். மகோகனி மரம் நிழலுக்காகப் பல ஊர்களில் வைத்திருக்கிறார்கள். அதன் காய் வெடித்தால் தடித்த ஓடு ஐந்தாகப் பிரியும். அந்த ஐந்தையும் வட்டமாக வைத்து ஒட்டினால் மரத்தில் செதுக்கிய பூ என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். மே மாதத்தில் சிவப்பாகப் பூக்கும் குல்மொஹர் மரத்து நெற்று முழ நீளத்துக்கும் மேல் வரும், பையன்கள் கத்திச் சண்டை போடுவார்களே, அது. நாலைந்தைப் பெரிய மண் ஜாடியில் நிறுத்தி வைத்தால் மூலை நிறைந்துவிடும். வாகை நெற்றைச் சன்னல் பக்கம் கொத்தாகத் தொங்கவிட்டால் காற்றில் சலசல என்று சத்தம் வரும். தூங்குமூஞ்சி மரத்துக் காயை மட்டும் தொடாதீர்கள். உள்ளே இனிப்பாகப் பிசுபிசுவென்று இருக்கும், வீட்டு எறும்பெல்லாம் விருந்துக்கு வந்துவிடும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அரசிலை. முற்றிய இலையாகப் பத்துப் பதினைந்து எடுத்து, வாளித் தண்ணீரில் மூழ்கவைத்து மேலே ஒரு தட்டைப் பாரமாக வையுங்கள். வாளியின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும். மறக்கவே கூடாது. தேங்கிய தண்ணீரில் கொசு முட்டையிட்டுப் பறந்துபோக ஒரு வாரம், பத்து நாள் போதும். அலங்காரம் பண்ணப்போய் டெங்குவை வளர்த்துவிடக் கூடாது, பாருங்கள். மூன்று, நாலு வாரத்தில் பச்சையெல்லாம் கூழாகிவிடும். நாற்றம் வரும், மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு தட்டில் தண்ணீர் வைத்து அதற்குள்ளேயே இலையைப் போட்டு, பழைய மெல்லிய பல் துலக்கும் பிரஷ்ஷால் காம்பிலிருந்து நுனி நோக்கித் தடவினால் கூழ் போய் நரம்பு மட்டும் வலை மாதிரி நிற்கும். பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து மேலே கனமான புத்தகத்தை அடுக்கிக் காயவிடுங்கள். கறுப்புக் காகிதத்தில் ஒட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டால், பார்க்கிறவர்கள் எங்கே வாங்கியது என்று கேட்காமல் போகமாட்டார்கள். சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்தால் ஒரே நாளில் முடியும். ஆனால் கைதோலை அரிக்கும், கண்ணில் தெறித்தால் ஆபத்து. கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு நாற்றம் பிடித்த வழியே நல்ல வழி.

பொறுக்கிய எதையும் நேராகக் கூடத்துக்குள் கொண்டு வராதீர்கள். உதறி, தட்டி, மொட்டை மாடியில் நல்ல வெயிலில் மூன்று நாள் காயவிட வேண்டும். நெற்றுகளுக்குள் வண்டு இருக்கும். எனக்கு ஒரு தடவை கொன்றை நெற்றில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்து, சுவரோரம் எல்லாம் மாவாகக் கொட்டியது. சின்னதாக இருந்தால் பாலித்தீன் பையில் கட்டி உறைபெட்டியில் நாலைந்து நாள் வைத்தெடுக்கலாம். பூச்சி வராமல் இருக்க ரசகற்பூர உருண்டை போடலாமா என்றால் வேண்டாம் என்பேன். மிட்டாய் மாதிரி இருக்கும் அதைக் குழந்தை வாயில் போட்டால் விஷம்.

கட்டுவதற்குப் பசையைவிட இரும்புக் கடையில் விற்கும் கட்டுக்கம்பிதான் மேல். பைன் காயின் அடிச் செதிலில் கம்பியைச் சுற்றி முறுக்கினால் ஆடாது, அசையாது. அடிப்பாகத்துக்கு என்ன செய்வது என்றால், கிழிந்துபோன முறமே போதும். அதன் நடுவில் மகோகனிப் பூ, சுற்றிலும் சவுக்குக் காய், ஓரத்தில் சணல் கயிறு. என் கூடத்துச் சுவரில் இருப்பது இதுதான். கொலு வைக்கிறவர்களுக்கு ஒரு யோசனை: பைன் காயை நிமிர்த்தி வைத்தால் பூங்காவுக்கு மரம் ஆயிற்று. ஆனால் அதில் பிசின் உண்டு, குப்பென்று தீப்பிடிக்கும். தைலமர இலையும் அப்படித்தான். குத்துவிளக்குப் பக்கமோ கார்த்திகை அகல் பக்கமோ வைக்கவே கூடாது.

சரி, காடு என்று சொன்னேனே, அங்கேயும் ஒரு கண்டிப்பு இருக்கிறது. ஒரு நாள் நடந்துகொண்டே பேச்சுவாக்கில் காப்புக்காட்டுக்குள் கொஞ்ச தூரம் போய்விட்டோம். என் பை நிறைய காய். வனக் காவலர் ஒருவர் நிறுத்தி, "அம்மா, இதையெல்லாம் இங்கேயே போட்டுட்டுப் போங்க" என்றார். "உதிர்ந்ததுதானேப்பா?" என்றேன். "உதிர்ந்தாலும் அது காட்டுக்குத்தாம்மா" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு விசாரித்தபோது அவர் சொன்னது சட்டப்படி சரி. காப்புக்காட்டிலிருந்து அனுமதியில்லாமல் விளைபொருள் எடுப்பதை 1882-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டமே தடுக்கிறது. சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் 1972-ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டம் இன்னும் கண்டிப்பு. சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமை காட்டிலேயே வாழ்கிற மக்களுக்கு உண்டு. 2006-இல் வந்த சட்டம் அதை உறுதி செய்கிறது. சுற்றுலா போகிற நமக்கு இல்லை. ஆகவே நம் "காடு" என்பது தெருவோர மரங்கள், தெரிந்தவர்கள் தோட்டம், கேட்டு அனுமதி வாங்கிய தோப்பு. இத்தோடு சரி. மலைக்குப் போனால் வனமக்கள் செய்ததை விலை கொடுத்து வாங்குங்கள். மாதேஸ்வரன் மலையில் சோலிகர்கள், காட்டையே மூடிக்கொண்டு படரும் உன்னிச்செடியின் குச்சியை வேகவைத்துப் பட்டை உரித்து, பிரம்பு போலவே நாற்காலி பின்னுகிறார்கள்.

இனி என் தப்பு. குன்னூரிலிருந்து இறங்கித் திருச்சிக்கு வந்த புதிதில், 2016-இல், வாசல் நிலைக்கு ஒரு தோரணம் கட்டினேன். சவுக்குக் காய் ஒன்று, குன்றிமணி இரண்டு என்று மாற்றி மாற்றி. குன்றிமணியை இராத்திரி ஊறவைத்து ஊசியால் குத்திக் கோத்தேன். மொத்தம் 48. சிவப்பும் கறுப்புமாக அவ்வளவு அழகு. பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கிற மணிதானே, பாட்டி காலத்துப் பல்லாங்குழிப் பெட்டியில் இருந்ததுதானே என்ற நினைப்பு.

ஆடி மாதம் என் நாத்தனார் இரண்டு வயது மகளோடு வந்திருந்தாள். சாயங்காலம் நாங்கள் இருவரும் சமையலறையில் பேசிக்கொண்டிருந்தபோது தோரணத்து நூல் அறுந்திருக்கிறது. போய்ப் பார்த்தால் குழந்தை தரையில் உட்கார்ந்து மணி பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். கையில் இரண்டு. வாய் மெல்லுகிற மாதிரி அசைகிறது. விரலை விட்டுப் பார்த்தேன், சிவப்புத் தோல் துணுக்கு ஒன்று வந்தது. எல்லாவற்றையும் பொறுக்கி எண்ணினேன். கையில் இருந்ததைச் சேர்த்து 47.

"உப்புத் தண்ணி குடு, வாந்தி எடுக்கட்டும்" என்றார் மாமியார். நாத்தனார் தம்ளரை எடுத்துவிட்டாள். "அண்ணி, நல்லாத்தானே விளையாடறா, காலையில பாத்துக்கலாமா?" என்றும் கேட்டாள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி, மிச்ச மணிகளையும் ஒரு தாளில் மடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் மணியைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "முழுசா முழுங்கினாளா, கடிச்சாளா?" அதில்தான் எல்லாம் இருக்கிறது. குன்றிமணியின் ஓடு கெட்டி. முழுசாகப் போனால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். கடித்தாலோ, ஓட்டை போட்டிருந்தாலோ, ஓடு முற்றாத பிஞ்சாக இருந்தாலோ உள்ளே இருக்கும் அப்ரின் என்ற விஷம் உடம்பில் இறங்கிவிடும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. வாந்தி, பேதியில் உடம்பு வற்றிப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை. அடையாளம் தெரியச் சில மணி நேரம் ஆகலாம், ஒன்றிரண்டு நாளும் ஆகலாம். குழந்தை விளையாடுகிறதே என்று வீட்டில் வைத்துக்கொண்டிருப்பதுதான் பெரிய ஆபத்து. உப்புத் தண்ணீர் கொடுக்காமல் வந்தது நல்லதாயிற்று என்றார். அதுவே தனியாகக் கெடுதல் செய்யுமாம்.

அன்று ராத்திரி முழுக்க அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். மறுநாள் காலையில் ஆரம்பித்தது வாந்தி, பிறகு பேதி. குளுக்கோஸ் ஏறிக்கொண்டே இருந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். நாத்தனார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

"நாங்கல்லாம் இதை வெச்சுத்தானே பல்லாங்குழி ஆடினோம்" என்று மாமியார் மாய்ந்துபோனார். ஆடினார்கள்தான், ஓட்டை போடாத முழு மணியை வைத்து. அதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. இன்று எங்கள் வீட்டில் பல்லாங்குழிக்குச் சோழி, பிள்ளையார் கண்ணுக்கு மிளகு.

குன்றிமணி மட்டுமில்லை. மஞ்சள் அரளிக்கொட்டை இதயத்தையே நிறுத்திவிடும். ஆமணக்கு விதை, ஊமத்தங்காய், எட்டிக்கொட்டை இவையும் எவ்வளவு அழகாகக் காய்ந்திருந்தாலும் வாசலோடு சரி. உன்னிச்செடியின் பச்சைக் காயும் ஆகாது. எருக்கம் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. மஞ்சாடி என்கிற முழுச் சிவப்பு மணியைக் குன்றிமணிக்குப் பதிலாக வைக்கலாமே என்று தோன்றும். பெரியவர்கள் மட்டும் இருக்கிற வீட்டில், கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தவழுகிற, நடக்கப் பழகுகிற குழந்தை இருக்கிற வீட்டில், அதன் மூடிய கைக்குள் மறைந்துபோகிற எதுவும் வேண்டாம். விஷமே இல்லாத சவுக்குக் காய்கூடத் தொண்டையில் அடைக்கும். ஏதாவது விழுங்கிவிட்டது என்ற சந்தேகம் வந்தால் விழுங்கிய சாமானில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மழைக்காலத்தில் இந்த அலங்காரங்களில் பூசணம் பூக்கும், தூசியும் சேரும். வீட்டில் இளைப்பு உள்ளவர்கள் இருந்தால் ஐப்பசி பிறக்கும் முன்பே கழற்றி, வெயிலில் காட்டித் தகர டப்பாவில் போட்டுவிடுங்கள். பூசணம் பிடித்ததைத் துடைத்துவைக்கப் பார்க்காமல் தோட்டத்து மண்ணில் போட்டுவிடலாம், அடுத்த வருஷம் புதிதாகப் பொறுக்கினால் ஆயிற்று.

அந்தக் குட்டிப்பெண் இப்போது பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். விடுமுறைக்கு வந்தால் எனக்கு முன்னால் அவள்தான் வாகை மரத்தடிக்கு ஓடுகிறாள். "மாமி, இது கடிக்கலாமா கடிக்கக் கூடாதா?" என்று ஒவ்வொன்றையும் என் மூக்குக்கு நேரே நீட்டுவாள்.

அடுத்த இதழில் கோணிச் சாக்கில் கால்மிதியடி. இப்போதே இரண்டு நல்ல சாக்காகப் பார்த்துத் துவைத்துக் காயவைத்துவிடுங்கள், சகோதரிகளே.