அந்தக் கருப்புக் கவரை அவிழ்ப்பது யாருடைய கை?

சீசன் நேரத்துத் திங்கட்கிழமை காலை. வட்டக்கானலில் தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவரோடு நடந்துகொண்டிருந்தேன். ஒரு தங்கும் விடுதி வாசலில் கிடந்த கருப்புக் கவரை அவிழ்த்து உள்ளே கையை விட்டவர், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். இன்சுலின் ஊசி குத்திவிட்டது. கையுறை இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். "அரை நாள் கூலி போயிடும் தம்பி" என்று விரலைச் சேலையில் துடைத்துவிட்டு அடுத்த கவரைத் தூக்கினார்.

தோழர்களே, ஆபத்தான கழிவு என்றால் கொடைக்கானலுக்குத் தெரியாததா? 2001 மார்ச் 7 அன்று, மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் பாதரசம் கலந்த 7.4 டன் உடைந்த கண்ணாடி கிடப்பதை மக்கள் அம்பலப்படுத்தினார்கள். அந்த மாதமே இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வர 2016 ஆனது. அந்த ஆலைச் சரிவுக்குக் கீழே இருப்பதுதான் பாம்பார் சோலை. அதை ஒட்டியதுதான் வட்டக்கானல்.

அன்று விஷத்துக்கு ஒரு முகவரி இருந்தது. எடை போட முடிந்தது. இன்று அது வீடு வீடாக, விடுதி விடுதியாகச் சிதறிக் கிடக்கிறது: உடைந்த டியூப்லைட், தெர்மாமீட்டர், பேட்டரி, பூச்சிமருந்து டப்பா, காலாவதியான மாத்திரை. "எங்க வீட்டுல ஒண்ணோ ரெண்டோதானே" என்கிறார்கள். உங்கள் வீட்டில் ஒன்றுதான். ஆனால் நூறு வீட்டு ஒன்றுகளும் போய்ச் சேருவது ஒரே பெண்ணின் கையில். சிதறிய விஷத்தை மறுபடி ஒன்றுசேர்க்கும் இடமாக அவருடைய உடம்பை ஆக்கிவைத்திருக்கிறோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே இவற்றை 'வீட்டு அபாயக் கழிவு' என்று தனியாகப் பிரித்தன. நகரங்களில் 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் வேண்டும், அது திறந்திருக்கும் நேரத்தை அறிவிக்க வேண்டும், பணியாளருக்குக் கையுறை, முகக்கவசம், காலணி தர வேண்டும் என்றன. உங்கள் ஊரில் அந்த மையம் எங்கே? பதில் தெரிந்தவர் கை தூக்குங்கள்.

ஏன் இந்த அலட்சியம்? அள்ளுகிறவர் யார் என்று பாருங்கள்; விடை கிடைத்துவிடும். நம் ஊர்களில் குப்பை வண்டிக்குப் பின்னால் நடப்பவர்களில் மிகப்பெரும்பாலோர் தலித்துகள், அதிலும் அருந்ததியர். குப்பையை வாசலுக்கு வெளியே வைத்ததும் கடமை முடிந்தது என்று நினைப்பது வெறும் சோம்பல் அல்ல, சாதிப் பழக்கம். சோலைக்காக உருகுகிற சூழலியல் ஆர்வலர்களையும் கேட்கிறேன்: மரத்துக்கு வேலி கேட்கும் நீங்கள், இந்தக் கைகளுக்குக் கையுறை கேட்டதுண்டா? "சம்பளம் வாங்குறாங்கல்ல" என்பவர்களுக்கு ஒரே பதில்: குப்பை அள்ளத்தான் கூலி, ஊசிக்குத்துக்கும் பாதரச ஆவிக்கும் எந்தக் கூலியும் ஈடல்ல.

மாணவத் தோழர்களே, இந்த வாரம் ஒரு வேலை. சேகரிப்பு மையம் எங்கே, எத்தனை ஜோடி கையுறை வழங்கப்பட்டது, ஊசி குத்தினால் சம்பளத்தோடு விடுப்பும் சிகிச்சையும் உண்டா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் உள்ளாட்சியைக் கேளுங்கள். விடுதிகளின் அபாயக் கழிவைத் தனியாக வாங்கச் சொல்லுங்கள். கலந்து போட்டால் அபராதம் கேளுங்கள். வீட்டில் ஊசியை மூடியுள்ள கெட்டியான டப்பாவில் போட்டு, மேலே எழுதி, தனியாகக் கொடுங்கள்.

அந்த அக்காவுக்கு நம் பரிதாபம் தேவையில்லை. கையுறையும், அரை நாள் கூலியும், பதில் சொல்லும் நிர்வாகமும் தேவை.

ஜெய்பீம்.