ஆக்குவோரும் நுகர்வோரும்

கணினி என்பது கணிதம் பயில்வார்க்கே உரியது, இலக்கிய மாணவர்க்கு அதனொடு யாது தொடர்பு என வினவுவார் ஒரு சாரார். கணினி விளையாட்டு காலத்தைக் கொல்லும் பகை எனக் கடிந்துரைப்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் வீட்டுக் கணினியின் தொடக்க வரலாற்றைச் சிறிது நோக்குவராயின் தங் கருத்தினை மாற்றிக்கொள்வர் என்பது எமது துணிபு.

1981-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சிங்க்ளேர் நிறுவனத்தார் இசட்.எக்ஸ்.81 என்னும் சிறு கணினியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். பொருத்தி முடித்ததன் விலை 69.95 பவுன், உறுப்புக்களை வாங்கித் தாமே பொருத்திக்கொள்வார்க்கு 49.95 பவுன். அதற்கெனத் தனித்திரை இல்லை. வீட்டிலுள்ள தொலைக்காட்சிப் பெட்டியே திரை. நிரல்களைச் சேமித்து வைக்கும் களஞ்சியமோ பாட்டுக் கேட்கும் ஒலிநாடாக் கருவி. நினைவகம் 1024 பைட்டே. இக்காலத்து யூ.டி.எஃப்.-8 முறையில் எழுதப் புகின், திருக்குறளின் ஓர் அதிகாரம் முழுதும் அதனுள் அடங்காது. அது போதாதென்பார் 16 கிலோபைட்டு நினைவகப் பெட்டியொன்றைத் தனியே வாங்கிப் பின்புறத்திற் செருகிக்கொள்வர். அப்பெட்டி சிறிது அசைந்துவிடின், அதுவரை எழுதியதெல்லாம் அழிந்தொழிதலும் உண்டு!

இத்துணை வறிய கருவியாற் பயன் யாது? அதன் வறுமையே அதன் சிறப்பு என்போம். அதனை இயக்கியவுடன் வண்ணப் படங்கள் தோன்றா. கட்டளையை எதிர்நோக்கும் குறியொன்றே திரையில் நிற்கும். பேசிக் என்னும் மொழியில் உடையவன் கட்டளையிட்டாலன்றி அது யாதுஞ் செய்யாது. அந்நாளைய கணினி இதழ்கள் விளையாட்டு நிரல்களை வரிவரியாக அச்சிட்டு வெளியிட்டன. விளையாட விரும்பிய சிறுவன் அவற்றைத் தன் கையாலேயே தட்டெழுத வேண்டும். ஓரெழுத்துப் பிழைப்பினும் விளையாட்டு நடவாது. ஓரெழுத்துத் திரிபாற் செய்யுளின் பொருளே திரிதலை நாம் அறிவோம் அல்லமோ? பிழை தேடி வரிதோறும் ஆராய்ந்தவன், ஒவ்வொரு வரியும் செய்யும் வேலையை உணர்ந்தான்; உணர்ந்தபின், அதனைத் தன் விருப்பிற்கேற்ப மாற்றியும் பார்த்தான். இவ்வாறு விளையாட வந்தவன் ஆக்கக் கற்றான்.

அதன் விளைவு கேண்மின். 1982-இல் டேவிட் ஹோர்ன் என்பார் அவ்விசட்.எக்ஸ்.81-இன் 1024 பைட்டு நினைவகத்திற்குள் சதுரங்க ஆட்டம் ஒன்றை அமைத்தார். அந்நிரலின் அளவு 672 பைட்டே. கேம்பிரிட்ஜில் மாணவராயிருந்த டேவிட் பிரேபன், இயன் பெல் என்னும் இருவர் 1984-இல் எலைட் என்னும் விளையாட்டை வெளியிட்டனர். அது 32 கிலோபைட்டு நினைவகமுடைய பி.பி.சி. மைக்ரோ என்னுங் கணினிக்கு எழுதப்பெற்றது. அதனுள் 8 விண்மீன் மண்டலங்கள், மண்டலம் ஒன்றிற்கு 256 உலகங்கள்! அவற்றைச் சேமித்துவைக்க இடமின்மையின், சிறு விதையெண்களிலிருந்து வேண்டும்போது கணக்கிட்டுத் தோற்றுவித்தனர். ஒரு தாலந்தைப் பெற்றவன் அதனை மண்ணிற் புதைத்த உவமையை நாம் அறிவோம். இவ்விளைஞரோ சிறிது பெற்றும் புதைத்தாரல்லர்.

வாங்கியவரெல்லாம் ஆக்குவோராயினரோ எனின், இல்லை. 1982-இல் வந்த இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம், கமடோர் 64 முதலியவற்றிற்கு ஆயத்த விளையாட்டுக்கள் ஒலிநாடாக்களில் மிகுதியாக விற்கப்பட்டன. அவற்றை ஏற்றி விளையாடியதன்றி ஒரு வரியும் எழுதாதார் பலர். எனினும் ஆக்கத்தின் வாயில் அவர்க்கும் திறந்தே கிடந்தது. நம் கைப்பேசியின் நினைவகமோ அதனினும் பல இலட்சம் மடங்கு பெரிது. ஆயின் அதன் முற்றத்தில் நம்மை வரவேற்பது கடைவீதியேயாம். ஆக்குதற்குரிய வழி அதனுள்ளும் உண்டு. தேடிச் செல்வார்க்கன்றி அது புலப்படாது.

இக்குறையைக் கேம்பிரிட்ஜ் அறிஞரும் உணர்ந்தனர். கணினியியல் பயில விழைந்து வருவாரிடத்து நிரலெழுதிய பயிற்சி குன்றியது கண்டு, எபென் அப்டன் முதலியோர் 2012-இல் ராஸ்பெரி பை என்னும் மலிவான சிறு கணினியை வெளியிட்டனர். பி.பி.சி. மைக்ரோவை நினைந்தே அதன் வகைகட்கும் ஏ, பி எனப் பெயரிட்டனர். அப்பி.பி.சி. மைக்ரோ நம் நாட்டிற்கும் புதிதன்று. 1984-இல் தொடங்கிய கிளாஸ் என்னும் அரசுத் திட்டத்தின் வழி இந்தியப் பள்ளிகளுள்ளும் அது புகுந்ததேயாம்.

ஆதலின் எமது வேண்டுகோள் இது. நம் கல்லூரி நூல்நிலையத்தின் ஒரு மூலையில் இத்தகைய சிறு கணினிகள் சில வைக்கப்படல் வேண்டும். எல்லாத் துறை மாணவரும் தடையின்றி அவற்றைத் தொட்டுப் பழகல் வேண்டும். முதலில் விளையாட்டே ஆயினும் ஆகுக. தாமே இயற்றிய விளையாட்டாக அஃது இருத்தல் வேண்டும். தமிழ் மாணவராகிய நமக்கும் ஈண்டுப் பணியுண்டு. சீரும் தளையும் காணும் நிரலை யாப்பறிந்த நாம் இயற்றாது யாப்பறியார் இயற்றுவரோ? பிறர் ஆக்கியவற்றை நுகர்தலோடு நாம் அமைவோமாயின், நம் மொழிக்கு வேண்டுவனவற்றையும் பிறரே முடிவு செய்வர். அந்நிலை நமக்கு வேண்டா.