வந்த ஊரில் வாடகைக்கு ஒரு வீடு



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சீர்காழியிலிருந்து என் தமையனார் தொலைபேசியில் அழைத்தார். தந்தையார் விட்டுச் சென்ற மனையை விற்றுவிட எண்ணியிருப்பதாகவும், அவருடைய மூத்த பெண்ணின் திருமணத்திற்கு அவர் பங்கு உதவும் என்றும் சொன்னார். என் பங்காக வரும் 18 லட்சம் ரூபாயைக் கரைய விடாமல், ஹைதராபாத்திலேயே ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடுமாறும் யோசனை கூறினார். "நீ அங்கேயே உத்தியோகம் பார்க்கிறாய், தம்பி. மாதம் பிறந்தால் வாடகை வரும். வீடும் உன்னுடையதாகவே இருக்கும். இதைவிட நல்ல வழி வேறென்ன?" என்று கேட்டார்.

இக்கேள்வி எனக்கு மட்டும் உரியதன்று. மாரேட்பள்ளியிலும், பத்மாராவ் நகரிலும், மெட்டுகுடாவிலும் வாழும் நம்மவர் பலரும் ஊரிலுள்ள நிலத்தை விற்று, வந்த ஊரில் வருவாய்க்கு ஒரு வீடு வாங்க ஆசைப்படுகின்றனர். ஆதலால் நான் அறிந்தவற்றை இம்மாதம் இப்பகுதியில் எழுதலானேன். நான் வக்கீல் அல்லன். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வேயில் கணக்கு எழுதிப் பிழைப்பவன். கணக்கு எழுதுகிறவன் பார்வையிலேயே இதைப் படிக்க வேண்டுகிறேன்.

தமையனார் சொல்லைத் தட்டாமல், நானும் என் மனைவியும் மௌலாலிப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டைப் பார்த்து வந்தோம். காற்றும் வெளிச்சமும் நன்றாகவே இருந்தன. விலை 60 லட்சம். அன்றிரவு என் மனைவி வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்து வந்து அமர்ந்தாள்.

தெலங்கானாவில் 2021 ஜூலை முதல் முத்திரைத் தீர்வை, மாற்று வரி, பதிவுக் கட்டணம் மூன்றும் சேர்ந்து நூற்றுக்கு ஏழரை ரூபாய் ஆகின்றன. 60 லட்சத்திற்கு அது நாலரை லட்சம். ஆக, செலவு அறுபத்து நாலரை லட்சம். ஊர்ப் பங்கு 18 லட்சத்தோடு எங்கள் சேமிப்பும் சீட்டுப் பணமுமாக ஆறரை லட்சம் சேர்த்தாலும், 40 லட்சம் வங்கியில் கடன் வாங்க வேண்டும். வட்டி நூற்றுக்கு எட்டரை, தவணை இருபது ஆண்டு என்று வைத்துக்கொண்டால், மாதந்தோறும் ஏறக்குறைய 34,700 ரூபாய் கட்டவேண்டும். அவ்வீட்டிற்குக் கிடைக்கும் என்று தரகர் சொன்ன வாடகை 18,000. மீதி 16,700 ரூபாய் என் சம்பளத்திலிருந்தே போகவேண்டும்.

"வீடு நமக்கு வாடகை தருகிறதா, நாம் வீட்டிற்கு வாடகை தருகிறோமா?" என்று அவள் கேட்டாள். எனக்கு விடை தோன்றவில்லை.

கடனே இல்லாதவருக்குக் கணக்கு எப்படியிருக்கும் என்றும் பார்த்தோம். ஆண்டு வாடகை 2,16,000. ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் 18,000 குறையும். சொத்து வரி, வெள்ளையடிப்பு, குழாய்ப் பழுது ஆகியவற்றிற்கு 30,000 ஒதுக்கினால் மிஞ்சுவது 1,68,000. போட்ட முதலுக்கு இது நூற்றுக்கு 2 ரூபாய் 60 காசு. வருமான வரிக் கணக்கில், சொத்து வரி போக மீதி வாடகையில் நூற்றுக்கு 30 பங்கைச் சட்டமே கழித்துத் தருகிறது என்பது ஓர் ஆறுதல். விலை ஏறுமே என்பீர்கள். ஏறக்கூடும். ஆனால் அடுக்குமாடியில் நமக்குரிய நிலம் பிரிக்கப்படாத ஒரு சிறு பங்கே; மேலே நிற்கும் கட்டடமோ ஆண்டுக்கு ஆண்டு பழையதாகிறது.

கட்டி முடியாத வீட்டை வாங்குவோர் மற்றொன்றையும் கருத வேண்டும். 2019 ஏப்ரல் முதல் அத்தகைய வீட்டிற்கு நூற்றுக்கு 5 ரூபாய் சரக்கு சேவை வரி உண்டு. குறைந்த விலை வீடு என்ற வரையறைக்குள் வந்தால் 1 ரூபாய். கட்டி முடிந்து குடியேறும் சான்று பெற்ற வீட்டை வாங்கினால் அவ்வரி இல்லை. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல், விலையில் பத்தில் ஒரு பங்கிற்கு மேல் கட்டுநர் முன்பணம் வாங்கலாகாது. "இன்றே பாதிப் பணம் கொடுத்தால் விலை குறைப்பேன்" என்பவரிடம் இதைப் பணிவாக நினைவூட்டுங்கள்.

பணக் கணக்கு இவ்வாறிருக்க, பத்திரக் கணக்கு இதனினும் பெரிது. லாலாகுடாவில் எனக்கு மூத்தவராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரின் கதையைச் சொல்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு முன் அவர் 150 கஜ மனை ஒன்று வாங்கினார். சித்திரை வெயிலில் போய்ப் பார்த்தபோது எல்லாம் வறண்ட தரையாகவே இருந்தது. நோட்டரி கையெழுத்திட்ட ஒரு தாளை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டார். இரண்டு சிறு வீடுகள் கட்டினார். சில ஆண்டுகள் வாடகையும் வந்தது. பிறகு ஒரு புரட்டாசி மழையில், ஏரி தன் இடத்தைத் தேடிக்கொண்டு வந்து வாசலில் நின்றது. மகன் படிப்பிற்காக விற்க முயன்றபோதுதான், அம்மனை ஏரியின் முழு நீர்மட்டத்திற்குள் இருப்பதையும், கையிலிருந்த தாள் கிரயப் பத்திரமே அன்று என்பதையும் வக்கீல் எடுத்துச் சொன்னார். "எனக்குத் தெலுங்கு பேச வரும், தம்பி, படிக்க வராது. அந்த வெட்கத்தில் யாரிடமும் காட்டாமல் இருந்துவிட்டேன்" என்று அவர் என்னிடம் சொல்லியபோது கண் கலங்கிற்று.

ஏரிகளின் ஊர் இது. 1908 செப்டம்பரில் மூசி ஆறு பெருகி இந்நகரைச் சூறையாடியது. அதன் பின்னரே 1920-இல் உஸ்மான் சாகரும், 1927-இல் ஹிமாயத் சாகரும் எழுந்தன. ஏரியிடத்து ஆக்கிரமிப்புகளை அகற்றுவதையும் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்ட 'ஹைட்ரா' என்னும் அமைப்பை 2024 ஜூலையில் அரசு ஏற்படுத்தியுள்ளது. வாடகை வரும் வீடாயினும், ஏரிக்குள் நின்றால் அது வீடன்று.

ஆகவே வாங்க நினைப்போர் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்வது நலம். இங்கே நிலத்தைக் கஜத்தில் அளக்கிறார்கள்; ஒரு சதுர கஜம் 9 சதுர அடி. நம் ஊர் கிரவுண்டு ஒன்று, அதாவது 2,400 சதுர அடி, ஏறக்குறைய 267 கஜம் ஆகும். தெலுங்குப் பத்திரத்தை, விற்பவருக்கும் தரகருக்கும் தொடர்பில்லாத ஒருவரைக் கொண்டு வரிவரியாகப் படிக்கச் செய்யுங்கள். வில்லங்கச் சான்று எடுங்கள். அரசு நிலம், வக்ஃபு நிலம், கோயில் நிலம் போன்று பதிவு தடைசெய்யப்பட்ட சொத்துக்களின் பட்டியலைப் பதிவுத்துறை வெளியிட்டுள்ளது. அதில் நம் சர்வே எண் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைத் தாளில் எழுதிய 'சாதா பைநாமா'வும், பொது அதிகாரப் பத்திரமும் உரிமையைத் தாரா. பொது அதிகாரப் பத்திரத்தால் சொத்து கைமாறாது என்பதை 2011-இல் உச்ச நீதிமன்றமே உரைத்துவிட்டது. செகந்திராபாத் கண்டோன்மெண்டில் உள்ள பழைய பங்களாக்கள் சிலவற்றில் கட்டடம் மட்டுமே குடியிருப்பவருடையது. மண் இந்திய அரசினுடையது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ ஆனால், நூற்றுக்கு ஒன்றை வருமான வரியாகப் பிடித்துச் செலுத்துவது வாங்குபவர் கடமை.

என்னைப் போன்ற ரயில்வே ஊழியருக்கு இன்னொரு சொல். 1966-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, அசையாச் சொத்தை வாங்குமுன்னும் விற்குமுன்னும் மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். எதிர்த் தரப்பார் நம் அலுவலோடு தொடர்புடையவரானால் முன் அனுமதியே வேண்டும். ஊரிலுள்ள பூர்வீகப் பங்கும் அசையாச் சொத்துத்தான் என்பதை மறவாதீர்.

வாங்கியே தீர்ந்தால், குடியிருக்க வருபவரையும் நினையுங்கள். ஓராண்டிற்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதாலேயே பதினொரு மாத ஒப்பந்தம் வழக்கத்தில் உள்ளது. அதை எழுத்தில் செய்துகொள்ளுங்கள். இங்கே இரண்டு மாத முன்பணமே பெரும்பாலும் வழக்கம். சென்னையில் பத்து மாதம் கேட்டதைப் பார்த்த பழக்கத்தில் அதையே இங்கும் கேளாதீர். மொழி தெரியாமல், மூட்டையும் குழந்தையுமாக வீடு தேடி அலைந்த நாள் நம் எல்லார்க்கும் உண்டு. பிறர் நம்மிடம் கேட்ட கேள்விகளை நாம் பிறரிடம் கேட்கலாகாது.

மறு ஞாயிறு தமையனாரிடம் பேசினேன். "அண்ணா, குழந்தையின் திருமணத்திற்கு விற்பதாயின் தாராளமாக விற்றுவிடுங்கள். எனக்காக விற்க வேண்டா. என் பங்கு வங்கியிலேயே இருக்கட்டும். இந்த ரயில்வே குடியிருப்பை ஒருநாள் காலி செய்யத்தான் வேண்டும். அன்று நாங்கள் தலை சாய்க்க ஒரு சிறு வீடு தேடுவேன். வாடகைக்காக இப்போது கடனில் இறங்க மனம் வரவில்லை" என்றேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "கணக்குப் போட்டது நீயா, அவளா?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். "அப்படியானால் சரியாகத்தான் இருக்கும்" என்றார்.

நேயர்கள் தத்தம் வீட்டிலும் அந்த நோட்டை ஒருமுறை திறந்து பார்ப்பார்களாக.