அம்மா ஸ்கூலுக்குப் போன கதை... இங்கிலீஷில் ஐந்து வரி!

ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு அன்று ஒரு வீட்டுப்பாடம். 'மை மதர்ஸ் ஸ்கூல் டேஸ்' என்ற தலைப்பில் ஐந்து வரி எழுதிவர வேண்டும். அம்மாவிடம் இங்கிலீஷில் கேள்வி கேட்டுத்தான் எழுத வேண்டுமாம்.

அம்மா அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில், அரசுப் பள்ளியில், தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவர். "அப்பா வந்ததும் கேளுடா" என்று நழுவப் பார்த்தார்.

"அப்பா ஸ்கூல் டேஸ் இல்லம்மா, உன் ஸ்கூல் டேஸ்!"

தப்பிக்க வழியில்லை. பையன் நோட்டைத் திறந்து முதல் கேள்வியைக் கேட்டான். "ஹவ் டிட் யூ வென்ட் டு ஸ்கூல்?" அம்மா யோசித்து யோசித்துச் சொன்னார். "டெய்லி ஐ வில் வாக் த்ரீ கிலோமீட்டர்."

கேள்வியில் ஒரு தப்பு, பதிலில் ஒரு தப்பு. இரண்டும் தமிழ் வீடுகளில் ரொம்பப் பிரபலமானவை என்பதால், இந்த வார 'இங்கிலீஷ் பழகலாம்' பாடத்தை அந்த அடுப்படியிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

பையனின் தப்பு 'டிட்... வென்ட்'. 'டிட்' வந்துவிட்டால் அதுவே இறந்தகாலத்தைச் சொல்லிவிடும். பின்னால் வரும் வினைச்சொல் 'கோ' என்று சாதாரணமாக நின்றால் போதும். 'ஹவ் டிட் யூ கோ?', 'ஐ டிட் நாட் கோ' என்பதுதான் சரி. இது ஏதோ வெள்ளைக்காரன் வைத்த விசித்திர விதி என்று நினைக்க வேண்டாம். தமிழில் 'போகவில்லை' என்கிறோமே, அதில் 'போக' என்பதில் காலம் இருக்கிறதா? இல்லை. 'போனேன் இல்லை' என்று இன்று யாரும் பேசுவதில்லை. அதே கணக்குதான். 'டிட் நாட் வென்ட்' என்று வாயில் வந்தால், 'போனேன் இல்லை' என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், தானாகத் திருத்திக்கொள்வீர்கள்.

அம்மாவின் தப்பு இன்னும் சுவாரஸ்யம். பழைய வழக்கத்தைச் சொல்லும்போது தமிழில் எதிர்கால வடிவம்தான் வரும். 'அப்பல்லாம் நடந்துதான் போவேன், கேப்பங்கூழ்தான் குடிப்பேன்.' அந்தப் 'போவேன்' அப்படியே 'ஐ வில்' ஆகிவிடுகிறது. கேட்கிறவர்களுக்கோ, அம்மா நாளையிலிருந்து தினமும் மூன்று கிலோமீட்டர் வாக்கிங் போகப் போகிறார் என்று அர்த்தமாகும்! 'ஐ யூஸ்ட் டு வாக்' என்று சொல்ல வேண்டும். சுலபமாக 'ஐ வாக்ட் எவ்ரி டே' என்றாலும் சரியே.

சொல்லும்போது 'வாக்கெட்' என்று இழுக்கக் கூடாது, 'வாக்ட்'. அதேபோல 'ஸ்டாப்ட்', 'ஆஸ்க்ட்'. 'ட்' ஒலியில் முடிகிற 'வான்ட்', 'நீட்' மாதிரியான சொற்கள் மட்டும் 'வான்டட்', 'நீடட்' என்று ஒரு அசை கூடும்.

அடுத்து மதியச் சாப்பாடு. "சத்துணவுக்கு இங்கிலீஷ் என்னம்மா?" 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு அரசு வைத்த ஆங்கிலப் பெயர் 'நியூட்ரிஷியஸ் மீல்'. பேச்சில் 'நூன் மீல்' போதும். அம்மா வாய்ப்பாடு மனப்பாடம் செய்ததைப் பையன் 'ஷி பைஹார்ட்டட் டேபிள்ஸ்' என்று எழுதினான். 'ஷி லேர்ன்ட் தி டேபிள்ஸ் பை ஹார்ட்' என்பதுதான் சரி. 'எக்ஸாம் ரோட்' என்பது நம் ஊரில் எல்லோருக்கும் புரியும், ஆனால் பொதுவான வழக்கு 'டுக் தி எக்ஸாம்'. காலேஜ் முடித்ததை 'பாஸ்ட் அவுட்' என்று வெளிநாட்டுக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள், மயங்கி விழுந்ததாக நினைத்துத் தண்ணீர் தெளிப்பார்.

"டென்த்ல எவ்ளோ மார்க்?" "நானூத்தி இருபத்தொண்ணு." பையன் நிமிர்ந்து பார்த்தான். இது அவனுக்குத் தெரியாது. அடுத்த கேள்வியை நோட்டைப் பார்க்காமலே கேட்டான். இந்தத் தடவை தப்பில்லாமல் வந்தது.

"வொய் டிட் யூ ஸ்டாப்?"

அம்மா தமிழுக்கு மாறிவிட்டார். "நான் எங்கடா நின்னேன்? நிறுத்திட்டாங்க."

இங்கே இங்கிலீஷ் கொஞ்சம் வஞ்சகம் செய்யும். தமிழில் தானாக நின்றால் 'நின்றேன்', அடுத்தவர் செய்தால் 'நிறுத்தினார்கள்'. வினையைப் பார்த்தாலே யார் செய்தது என்று தெரிந்துவிடும். இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே 'ஸ்டாப்ட்'. 'ஐ ஸ்டாப்ட்' என்று எழுதினால் பழி அம்மா தலையில் விழும். 'தே ஸ்டாப்ட் மீ' என்றோ, 'ஐ வாஸ் டேக்கன் அவுட் ஆஃப் ஸ்கூல்' என்றோ சொன்னால்தான் நடந்தது நடந்தபடி வரும். பரீட்சை மார்க்குக்கு இது சின்ன விஷயம், சொல்கிறவருக்கு அப்படியில்லை.

அம்மா படித்த பள்ளியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு மறு வருஷம் அரசு சைக்கிள் கொடுத்தது. 2001-ல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், சில ஆண்டுகளில் மற்றவர்களுக்கும் விரிந்திருந்த நேரம். கூடப் படித்த பெண்கள் வீட்டு வாசலைத் தாண்டி சைக்கிளில் போனார்கள்.

இரண்டு சம்பவங்கள், இரண்டுமே முடிந்துபோனவை. எது முந்தியது என்று காட்டத்தான் 'ஹாட்' இருக்கிறது. முந்தியதற்கு 'ஹாட்' போடுங்கள், பிந்தியதைச் சாதாரண இறந்தகாலத்தில் விடுங்கள். தமிழில் 'விட்டிருந்தேன்' என்பதில் வரும் அந்த 'இருந்தேன்'தான் இது. 'வென் தி சைக்கிள்ஸ் கேம், ஷி ஹாட் லெஃப்ட் ஸ்கூல்.' இதையே 'ஷி லெஃப்ட் ஸ்கூல்' என்று எழுதிப் பாருங்கள். சைக்கிள் வந்ததைப் பார்த்து அம்மா பள்ளியை விட்டு ஓடியதுபோல ஆகிவிடும்!

ஐந்தாவது வரியாக அதைத்தான் பையன் எழுதினான். "ரீட் இட்" என்றார் அம்மா, வெங்காயத்தை வாணலியில் போட்டுக்கொண்டே. படித்துக் காட்டினான். 'ரீட்' இறந்தகாலத்தில் எழுத்தில் மாறாது, ஒலி மட்டும் 'ரெட்' ஆகும்.

"மிஸ் இதைக் கிளாஸ்ல சத்தமா படிக்கச் சொல்வாங்களா?"

"சொல்வாங்கம்மா."

"அப்ப அந்த மார்க்கை முதல் வரியில போடு."

இந்த வாரம் உங்கள் வீட்டு அம்மாவிடமோ பாட்டியிடமோ 'வேர் டிட் யூ ஸ்டடி?' என்று கேட்டு, பதிலை ஐந்து வரியில் எழுதிப் பாருங்கள். ஒரு வரியிலாவது 'ஹாட்' வர வேண்டும்.