பெருநாள் உதவி வேறு, ஈ.பி.எஃப். வேறு

நமது ஊர்க் கடை முதலாளிமாருக்கும், அங்கே வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டு வந்தது. ஆனாலும் "பெரிய கம்பெனிகளுக்குத்தானே சேர், நம்மட கடைக்கு எதுக்கு?" என்று இன்றும் கேட்கிறார்கள். கடையில் ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் இந்தச் சட்டம் பொருந்தும்.

கணக்கு எளிது. சம்பளம் 40,000 ரூபா என்று வைப்போம். ஊழியரின் 8 வீதம் 3,200. முதலாளியின் 12 வீதம் 4,800. மொத்தம் 8,000 ரூபா அடுத்த மாத முடிவுக்குள் நிதிக்குப் போக வேண்டும். இதற்கு மேல் ஈ.டி.எஃப். 3 வீதம், 1,200 ரூபா, முழுவதும் முதலாளியின் பொறுப்பு. சம்பளம் கூடாவிட்டாலும் இருபது வருடத்தில் ஈ.பி.எஃப். மட்டும் 19,20,000 ரூபா.

என்னிடம் படித்த பிள்ளை ஒன்றின் வாப்பா இருபது வருடத்துக்கு மேல் ஒரே கடையில் நின்றவர். முழங்கால் வலியால் வேலையை விட்டபோதுதான் தன் பெயரில் கணக்கே இல்லையென்று அவருக்குத் தெரிந்தது. முதலாளி கெட்டவர் அல்லர். பெருநாளுக்கு உடுப்பு, நோன்புக்கு சாமான், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் கொடுத்தவர். ஆனால் அது அவர் விரும்பிச் செய்த உதவி. இது அந்த மனிதரின் ஹக்.

முதலாளிமார் மூன்று காரணம் சொல்கிறார்கள். "அவரே வேண்டாமென்றார்." ஊழியர் எழுதிக் கொடுத்தாலும் உங்கள் பொறுப்பு நீங்காது. "வியாபாரம் மந்தம்." பிந்தினால் தாமதத்துக்கு ஏற்ப 5 முதல் 50 வீதம் வரை மேலதிகமாகக் கட்ட நேரிடும், கஷ்டம் கூடுமே தவிரக் குறையாது. "அதில் வட்டி வருகிறதே." வட்டியை என்ன செய்வதென்று ஊழியர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். நீங்கள் போட வேண்டிய 12 வீதம் வட்டி அல்ல, கூலி. வியர்வை காயுமுன் கொடுக்கச் சொன்ன கூலியில் இதுவும் ஒரு பங்கு. 8 வீதத்தைச் சம்பளத்தில் வெட்டிவிட்டு நிதிக்குக் கட்டாமல் இருப்பதோ அமானிதத்தில் கை வைப்பது.

இன்னொரு விடயம். பதியும்போது பெயரையும் இலக்கத்தையும் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். முஹம்மத், மொஹமட், மொஹமது என்று ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு விதமாக எழுதினால், பணம் எடுக்கும் வயதில் அந்த மனிதர்தான் கந்தோர் கந்தோராக அலைவார்.

தம்பி தங்கைகளே, உங்கள் அங்கத்துவ இலக்கத்தை இந்த மாதமே கேட்டு வாங்குங்கள். சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். பணம் போகிறதா என்று தொழில் திணைக்களத்தில் விசாரியுங்கள். போகவில்லையென்றால் முதலில் முதலாளியிடம் மரியாதையாகப் பேசுங்கள். அதிலும் சரிவராவிட்டால் பக்கத்துத் தொழில் அலுவலகத்தில் முறையிடுங்கள். அது நன்றி கெட்ட செயல் அல்ல.

முதலாளிமாரே, ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில் அந்தப் பணம் கைக்கு வரும். உங்கள் கடையைத் திறந்து, கூட்டி, சாமான் தூக்கியவர் அந்த வயதில் யாரிடமும் கை நீட்டாமல் இருப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.